உன் எண்ணில் இப்போது யார்?

தோழி,

கைபேசியில் உன் பெயரைத் தொட்டால் இப்போது ஒரு லாரி வந்து நிற்கிறது. முன்னால் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் தொங்கும் லாரி. போன மாதம்தான் முதன்முதலாக அதைப் பார்த்தேன். செத்துப் போனவள் வாட்ஸ்அப்பில் படம் மாற்றுவாளா? உன் வீட்டுக்காரர் ரீசார்ஜ் செய்வதை விட்டுவிட்டார். எண் வேறு யாருக்கோ போய்விட்டது. அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

நீ உன் நிழலையே நம்பாதவள். நெய்வேலியில் நாம் இருவரும் சேர்ந்து வக்கீல் அலுவலகம் போட்ட நாளிலிருந்து உன் சந்தேகத்தோடுதான் குடித்தனம் நடத்தினேன். கணினி ஒரு தீர்ப்பைத் தேடிக் கொடுத்தால், "இப்படி ஒரு தீர்ப்பு நெசமாவே இருக்கா? மூலத்தை எடு" என்பாய். கட்சிக்காரரின் ஆவணத்தை டைப்பிங் சென்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப விடமாட்டாய். அந்தக் கடைக்காரர் எதிர்த்தரப்புக்கும் அடித்துக் கொடுப்பவராயிற்றே. "வாசல்ல நாய் படுத்திருந்தாலும் அது யாரு வூட்டு நாய்னு விசாரிப்பே நீ" என்று கேலி செய்வேன். "விசாரிச்சா என்ன செலவு?" என்பாய். அப்படிப்பட்டவள் எல்லா வழக்கிலும், நீதிமன்ற இணையப் பதிவிலும், உன் சொந்த எண்ணையே கொடுத்து வைத்திருந்தாய். ஊரையே சந்தேகித்தாய், சாவு மட்டும் சொல்லிக்கொண்டு வரும் என்று நம்பிவிட்டாய். இன்றும் எனக்கு உன்மேல் கோபம்தான்.

லாரியைப் பார்த்த அன்றே உன் கட்சிக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். வளையமாதேவி அஞ்சலையை உனக்கு நினைவிருக்கும். சுரங்கத்துக்குக் குடும்ப நிலம் போனதற்கு ஈடாக நிறுவனத்தில் ஒரே ஒரு வேலை. புருஷன் செத்தபிறகு அதைத் தன் மகளுக்குக் கேட்கிறாள், கொழுந்தன் தன் மகனுக்குக் கேட்கிறான். மறுநாள் இருவருக்கும் சமரசப் பேச்சு. "உங்களுக்குத்தான் எல்லாத்தையும் வாட்ஸ்அப்ல பேசி அனுப்பிட்டனே வக்கீலம்மா" என்றாள் அவள். எனக்கு எதுவும் வரவில்லை. உன் எண்ணுக்குப் போயிருந்தது. கேட்டாகிவிட்டது என்று நீல டிக்கும் விழுந்திருந்ததாம்.

"அவங்க செத்துட்டாங்கன்னு தெரியுமே, சாவுக்கு வந்தியே?" என்றேன்.

"தெரியும்மா. எங்க வூட்டுக்காரரு மைன்ஸ்ல கான்ட்ராக்ட்ல இருந்தப்போ ஆபீசருங்க வருவாங்க, போவாங்க. போன் நம்பரு சீட்டோடவே இருக்கும். அவங்க சீட்டுக்கு நீங்க வந்துட்டீங்க, நம்பரும் உங்ககிட்டதான் இருக்கும்னு பேசிக்கினு இருந்தேன்."

டவுன்ஷிப்பில் நாற்காலிக்குத்தான் எண், குவார்ட்டர்ஸுக்குத்தான் எண். அவள் நினைத்ததில் என்ன தப்பு?

அவள் பேசி அனுப்பியது இதுதான்: பேச்சு முறிகிற கட்டம் வந்தால், குடியிருக்கும் வீட்டில் தன் பங்கை விட்டுக்கொடுத்துவிடுவாள், மகளுக்கு வேலை கிடைத்தால் போதும். கொழுந்தன் காதில் அது விழுந்தால் முதல் வேலையாக வீட்டைப் பிடுங்கிக்கொள்வான்.

உன் எண்ணைக் கூப்பிட்டேன். ஓர் ஆண்குரல். நான் வக்கீல் என்றதும், "ஓடிபி கேக்கத்தான கூப்புட்டீங்க? போனை வைங்க" என்றான். கெஞ்சியபிறகு, "அந்தம்மா அழுதுகினு பேசுச்சு. ராங் நம்பருன்னு சொல்ல மனசு வரல. கேட்டுட்டு அழிச்சிட்டேங்க" என்றான். எந்த ஊர் என்றேன். இணைப்பைத் துண்டித்தான். நல்லவனாகவும் இருக்கலாம். ஆனால் பதிலுக்கு ஒரு வார்த்தை போடாமல் அத்தனையையும் கேட்டவனை எப்படி நம்புவது?

மறுநாள் சமரசத்தில் கொழுந்தன் உட்கார்ந்ததும் உட்காராததுமாய்ச் சொன்னான்: "வூட்டை வுட்டுடச் சொல்லுங்க. வேலையை அவங்களே எடுத்துக்கட்டும்."

தானாகத் தோன்றிய யோசனையா, காதில் வாங்கி வந்ததா? நீ இருந்திருந்தால் அவன் முகத்தைப் பார்த்தே சொல்லியிருப்பாய். எனக்கு அந்தச் சாமர்த்தியம் வராது. அஞ்சலை என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். தான் பேசி அனுப்பியது அவன் காதுக்குப் போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டாள். "வூடும் தரமாட்டேன், வேலையும் வுடமாட்டேன்" என்று எழுந்துவிட்டாள். வழக்கு மறுபடி நீதிமன்றத்துக்கே வந்துவிட்டது. அவள் மகள் வீட்டில் காத்திருக்கிறாள்.

எல்லா வழக்கிலும் உன் எண்ணை நீக்கி என் எண்ணைக் கொடுத்தேன். பெருமையாக அஞ்சலையிடமும் சொன்னேன். இப்போதெல்லாம் அவள் போனில் பேசுவதில்லை. பஸ் ஏறி வந்து, கதவைச் சாத்திவிட்டு, என் காதருகில்தான் பேசுகிறாள். போன முறை கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாள்:

"தப்பா நெனச்சிக்காதீங்கம்மா. உங்களுக்கு ஒண்ணு ஆயிடுச்சின்னா, உங்க நம்பரு யாருகிட்ட போவும்?"

உன் குரலில் கேட்டதுபோல் இருந்தது. அடுத்த வாய்தாவுக்கு வருவாள், மறக்காமல் கேட்பாள்.