நெத்திலியோடு காய்ந்த ரைடிங் சூட்

என் செல்லக் கருவாட்டுக்காரி அம்மாவுக்கு,

அங்கே சுகம்தானே? இங்கே எல்லாரும் சுகம், உன் மொபெட்டைத் தவிர. அதைக் கோழிகள் பிடித்துக்கொண்டன. நீ கூடை கட்டும் கம்பியில் சேவல் நின்று கூவுகிறது, கால் வைக்கும் இடத்தில் பெட்டை அடைகாக்கிறது. நான் பக்கத்தில் போனால் கொத்துகிறது. உன் வண்டியைத் தொட்டால் நீயும் அப்படித்தானே செய்வாய்?

உன் நினைவு நாளுக்குப் பேப்பரில் படம் போட்டு 'மீளாத் துயரில்' என்று போடலாம் என்றார் உன் வீட்டுக்காரர், என் அய்யா. நான்தான் வேண்டாம் என்றேன். அந்தப் பக்கத்தில் யாருமே சிரிப்பதில்லை, உனக்குப் போரடிக்கும். அதனால் இந்தக் கடிதம். படத்துக்குப் பதிலாக இது வரும், ஊரே படிக்கப் போகிறது, ஆகவே உன் ரகசியங்களில் பாதியை மட்டும்தான் அவிழ்ப்பேன். பயப்படாதே.

முதலில் ஊர்ச் செய்தி. புது ரயில் பாலம் வந்துவிட்டது. பழைய பாலம் கப்பலுக்கு இரண்டு கையையும் விரிக்கும் இல்லையா? இது நடுத்துண்டை அப்படியே மேலே தூக்கிக்கொள்கிறது, தண்ணீரில் நடக்கும்போது நீ சேலையைத் தூக்கிச் செருகுவதுபோல. அடுத்த செய்தி நான்தான். பதினெட்டு முடிந்துவிட்டது. லைசென்ஸ் வந்துவிட்டது. அதில் இருக்கும் போட்டோவில் மாட்டிக்கொண்ட பூனை மாதிரி இருக்கிறேன்.

குவைத்துக்குப் போன அண்ணன் ஒரு பெரிய பைக்கை விட்டுவிட்டுப் போனான், ஞாபகம் இருக்கிறதா? தார் ரோடு, மணல், சேறு எல்லாவற்றிலும் போகும் உயரமான வண்டி. "சும்மா நின்னா துருப்பிடிச்சிரும், நீயே ஓட்டு" என்று அண்ணன் போனில் சொல்லிவிட்டான். ஆனால் சாவி? அது உன் படத்துக்குக் கீழே இருக்கும் ஆணியில் தொங்குகிறது. காவல், அய்யா.

ராமநாதபுரத்தில் வண்டி ஓட்டும் அக்காமார் நாலு பேர் கடலோரமாகவே கோடியக்கரை போய், அங்கே சதுப்புப் பக்கம் மண்பாதைகளில் சுற்றிவிட்டு, வேளாங்கண்ணி போய்த் திரும்பப் போகிறார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் அய்யாவிடம் கேட்டேன். வரிசை தப்பு. ஆனால் நீ சொல்லிக்கொடுத்த வரிசை.

"கடல்ல எதிர்க்க லாரி வராது தாயி. ரோட்டுல வரும்" என்றார்.

"ரோட்டுல சுறா வராதுல்ல அய்யா?"

"வாயப் பாரு. அப்படியே உங்க ஆத்தா வாயி." கையிலிருந்த வலையின் கிழிசலை முடிந்தார். "சரி. மழையில நனைஞ்சாலும் தாங்கணும், வெயில்ல வேகக்கூடாது, விழுந்தா தோலு உரியக்கூடாது. அப்படி ஒரு உடுப்பு வாங்கி என் கண்ணுல காட்டு. பெறகு சாவியப் பத்திப் பேசுவோம்."

இல்லாத ஒன்றைக் கேட்டுவிட்டதாக அவருக்கு நினைப்பு. அப்படி ஓர் உடுப்பு கடையில் விற்கிறது என்று தெரிந்ததும் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

உன் காலத்து ரைடிங் சூட் என்ன அம்மா? சேலைக்கு மேலே அய்யாவின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. மழை வந்தால் ஐஸ் பெட்டி மூடும் பாலித்தீன் தாள். அதில்தானே உச்சிப்புளி, திருப்புல்லாணி எல்லாம் சுற்றி வந்தாய்? முழங்காலுக்கு உன்னிடம் என்ன இருந்தது? மாதாவா?

மதுரைக்குப் பஸ்ஸில் போனோம். எந்தப் புயலிலும் ஆடாத அய்யாவின் வயிறு பரமக்குடியிலேயே ஆடிவிட்டது. "படகுனா அலை எங்கிட்டு வருதுன்னு தெரியும். இந்த டிரைவரு எங்கிட்டு வெட்டுவான்னு எவனுக்குத் தெரியும்?" என்று ஜன்னலோரம் தொங்கிக்கொண்டே வந்தார். நான் எலுமிச்சம்பழத்தை நீட்டி, "கேப்டன், கரை தெரியுது" என்றேன். அடிக்கக் கை ஓங்கினார். அடுத்த வளைவு வந்து காப்பாற்றியது.

கடையில் ஓர் அக்கா இருந்தார். அவரும் வண்டி ஓட்டுகிறவர், ஹெல்மெட் போட்டுப் போட்டு முன்முடி படிந்துபோயிருந்தது. நான் முதலில் எடுத்தது தடித்த கறுப்பு ஜாக்கெட். போட்டுக் கண்ணாடியில் பார்த்தால் சும்மா மிரட்டியது. கொஞ்ச நேரத்தில் உள்ளே இட்லி வேக ஆரம்பித்துவிட்டது. சூட் என்று பேர் வைத்தவன் அதை நம்ம ஊர்ச் சித்திரையில் போட்டுப் பார்த்துத்தான் வைத்திருப்பான்.

"இது குளிருக்கு. உங்க ஊருக்கு மெஷ்தான் சரி" என்று அக்கா இன்னொன்றை எடுத்துவந்தார். உடம்பு முழுக்கப் பொடி ஓட்டைகள், காற்று உள்ளே புகுந்து வெளியே போகும். தோள், முழங்கை, முதுகு, இடுப்பு, முழங்கால் எல்லா இடத்திலும் உள்ளே கனத்த பேடுகள். அய்யா ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார்.

"என்னம்மா இது, கண்ணி பெருசா இருக்கு? நெத்திலியெல்லாம் தப்பிச்சுருமே."

"உங்க பொண்ணு தப்பிக்க மாட்டா அண்ணே" என்றார் அக்கா. எனக்கு அந்த அக்காவை அந்த நிமிஷமே பிடித்துவிட்டது.

"அப்ப மழை?"

"அதுக்கு மேல போடுற மழைக்கோட்டு தனியா இருக்குண்ணே. உள்ளுக்குள்ள போடுற லைனரும் வருது. ஆனா அதப் போட்டா வெளித்துணி தண்ணி குடிச்சுக் கனத்துரும். வண்டிய நிறுத்துன இடத்துல சட்டுன்னு மேல மாட்டிக்கிறதுதான் லேசு."

அய்யாவுக்கு அது பிடித்தது. உன் பாலித்தீன் தாளும் அதே தத்துவம்தானே!

அடுத்த சண்டை அளவில். நம் வீட்டில் எதை ஒழுங்கான அளவில் வாங்கியிருக்கிறோம்? என் முதல் திருவிருந்து கவுனைக் கல்யாணம் வரைக்கும் போடலாம். அய்யா நேராகப் பெரிய அளவைத் தூக்கினார். "வளர்ற புள்ள."

"பதினெட்டு முடிஞ்சிருச்சு அய்யா, இனிமே அறிவுதான் வளரணும்."

"அதுக்கும் எடம் வேணும்ல."

அக்கா விடவில்லை. "லூசா இருந்தா விழுறப்ப பேடு நழுவிரும்ண்ணே. முட்டி ஒரு பக்கம், பேடு ஒரு பக்கம் போயிரும்." என்னைக் கடையில் நின்ற வண்டியில் ஏறி உட்காரச் சொன்னார். கையை நீட்டி ஹேண்டில் பாரைப் பிடி, அப்புறம் மண்பாதையில் போவதுபோல் கால்மிதியில் எழுந்து நின்று முட்டியை மடக்கு என்றார். ஆண்களுக்கான பேன்ட்டில் முட்டிப் பேடு கெண்டைக்கால் வரைக்கும் இறங்கி ஓய்வெடுத்தது. பெண்களுக்கானதில் சரியாக முட்டியிலேயே உட்கார்ந்தது. அய்யா குனிந்து இரண்டு முட்டியையும் அழுத்திப் பார்த்தார். பெரிய அளவைத் தானே மடித்துத் திரும்ப வைத்தார்.

கடைசியில் நிறம். நான் கறுப்பு. அய்யா ஆரஞ்சு. லைஃப் ஜாக்கெட் ஆரஞ்சு!

"அய்யா, இதப் போட்டா என்னயக் கேசரின்னு நெனச்சு எவனாச்சும் கரண்டியோட வருவான்."

"கடல்ல ஒருத்தன் விழுந்துட்டா கறுப்பும் தெரியாது, நீலமும் தெரியாது. தேடிப் போனவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. நான் கேசரியை எடுத்துக்கொண்டேன்.

சாவி கிடைத்திருக்கும் என்று நினைக்கிறாயா? "பாப்போம்" என்றுவிட்டார். அதனால் எனக்குக் கொஞ்சம் கோபம். கோபம் வந்தால் உன் மகள் என்ன செய்வாள்?

மறுநாள் அய்யா கடலிலிருந்து வருவதற்குள் சூட் முழுக்கப் பழைய வலையைத் திணித்தேன். வண்டியில் உட்காரவைத்து, கையை ஹேண்டில் பாரில் கட்டி, மேலே ஹெல்மெட்டையும் மாட்டினேன். கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"ஏலே! யாருலே அது? எறங்குலே வண்டிய விட்டு!"

அய்யாதான். வலை என்ன பதில் சொல்லும்?

"ஒன்னத்தாம்லே. காது கேக்கலையா?" கொஞ்சம் கிட்டே வந்தார். "எந்த ஊருப்பா நீ? வழி மாறி வந்துட்டியா?" இன்னும் கிட்டே. "பேசாம இருக்கானே… பசிக்குதாலே? டீ சாப்புடுறியா?"

திருடனுக்கு டீ கேட்ட ஒரே மனிதர் உன் புருஷன்தான் அம்மா. நான் சிரித்த சிரிப்பில் பெட்டைக்கோழி முட்டையை விட்டு ஓடியது. அய்யா திட்டவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி உள்ளே இருந்த வலையைப் பார்த்தார். "ம்" என்றார். அந்த 'ம்'தான் எனக்கு உறுத்தியது.

சாயங்காலம் காலேஜிலிருந்து வந்தால் சூட்டைக் காணோம். பழிக்குப் பழி என்று நினைத்தேன். தேடிக்கொண்டு கரைக்குப் போனால், உன் யாவாரத்தை இப்போது பார்க்கிற செசிலி அத்தை நெத்திலி காயப்போட்டிருக்கிறாள். வெள்ளை வெளேரென்று நெத்திலி. நடுவில், கையைக் காலை நீட்டிக்கொண்டு, ஆரஞ்சு நிறத்தில் என் சூட்.

"வா புள்ள. உங்கய்யாதான் குடுத்துட்டுப் போனாரு. நெத்திலியோட சேத்து இதையும் திருப்பித் திருப்பிப் போட்டேன். ரெண்டு பக்கமும் நல்லா காஞ்சிருச்சு பாரு."

காய்ந்தா இருந்தது? அப்பளமாக இருந்தது! மேலெல்லாம் உப்புப் பூத்து, ஜிப் நகரவே இல்லை. எடுத்து நிறுத்தினால் தானாக நின்றது. வலையே இல்லாமல் என் பொம்மையைவிட நன்றாக நின்றது.

வீட்டுக்கு ஓடினேன். "என்ன அய்யா செஞ்சீக?"

"புது வலைய கடல்ல முக்கிக் காயவைக்காம என்னைக்காச்சும் படகுல ஏத்தியிருக்கமா? நீ அதுக்குள்ள வலையத் திணிச்சு வச்சிருந்தியா, அப்பத்தான் எனக்கு ஞாபகமே வந்துச்சு. ஃபாதர்ட்ட மந்திரிச்சுத் தீர்த்தம் தெளிச்சு, நானே இடுப்பளவு தண்ணியில எறங்கி முக்குனேன்."

"இது வலை இல்ல அய்யா, துணி! உப்புத்தண்ணி ஆகாது!"

"அப்படியா? உள்ள தச்ச துணிச்சீட்டுல தொட்டியும் தண்ணியும் போட்டு, ஒரு கை முக்குற மாதிரிப் படம் போட்டிருக்கே. பாத்துட்டுத்தான் முக்குனேன். எந்தத் தண்ணின்னு அதுல போடலையே?"

எடுத்துப் பார்த்தேன் அம்மா. படம் அப்படித்தான் இருக்கிறது. பழிவாங்கியிருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவர் எனக்காகக் கடலில் இறங்கி நின்றிருக்கிறார்.

பேடுகளை எல்லாம் உருவி எடுத்தோம். லாரியில் வந்த நல்ல தண்ணீரை, குடிக்க வைத்திருந்ததை, குடம் குடமாக அய்யாவே ஊற்றினார். உப்புப் போனது. ஜிப்பில் மெழுகுவர்த்தித் துண்டைத் தேய்த்தேன், நகர்ந்தது. நிறம் அப்படியே இருந்தது, கேசரிக்கு ஒன்றும் ஆகவில்லை. வாடை மட்டும் போகவில்லை. தெருப் பூனைகள் எல்லாம் வந்து மரியாதையாக வரிசையில் உட்கார்ந்தன. மறுபடி அலசினேன். நிழலில் காயப்போட்டேன். மூன்றாவது அலசலுக்காக எடுக்கப் போனபோது, அய்யா கொடிப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். ஜாக்கெட்டின் ஒரு கையைப் பிடித்திருந்தார்.

"போதும் தாயி. இன்னொரு தடவ அலசாத."

நான் குடத்தைக் கீழே வைத்தேன்.

"இந்த வாடையோடதான் உங்க ஆத்தா தெனமும் போயிட்டு வந்தா. ஒருநாளும் விழல." மூக்கை உறிஞ்சினார். அது நெத்திலிக்காகத்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன். "அவளுக்கும் மொதல்ல சாவி குடுக்கலைல்ல நான்."

இதை நீ எனக்குச் சொன்னதே இல்லையே அம்மா?

"அதுக்கு அம்மா என்ன செஞ்சாக?"

"என்ன செய்வா? கூடைய வண்டியில கட்டி, மேல ஏறாமத் தள்ளிக்கிட்டே தெருத்தெருவா யாவாரம் பண்ணுனா. 'வண்டி இருக்கு, சாவி எங்க வீட்டுக்காரரு இடுப்புல இருக்கு'ன்னு வீட்டுக்கு வீடு சொல்லிக்கிட்டே போனா. மத்தியானத்துக்குள்ள ஊரே சிரிச்சுருச்சு. ஓடிப்போய்க் குடுத்தேன்."

சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. நீ போனபிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. உள்ளே போனார். உன் படத்துக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றார். என்ன சொன்னாரென்று உனக்குத்தான் தெரியும், எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்து என் கையில் சாவியை வைத்தார்.

"வாரப்ப தெருமுனையில ஆரன் அடி. உங்க ஆத்தா அடிக்கிறாப்புல, நீட்டி. நான் உலை வைக்கணும்ல."

நாளைக் காலை கிளம்புகிறேன் அம்மா. முட்டிப் பேடை முட்டியிலேயே வைத்துக்கொள்வேன். மழை வந்தால் நிறுத்திக் கோட்டு மாட்டுவேன். சேற்றில் விழுந்தால் எழுந்துவிடுவேன், எழுந்ததும் யாராவது படம் எடுத்தார்களா என்று பார்ப்பேன். வேளாங்கண்ணியில் உன் பேருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவேன். ஜிப்புக்காகத் தேய்த்த துண்டை இல்லை, முழுசு.

திரும்பி வரும்போது நம் தெருமுனையில் நிறுத்தி, நீ அடிப்பதுபோலவே நீட்டி அடிப்பேன். அய்யா உலை வைப்பார். பூனைகள் ஓடிவரும். சத்தியம்.

உன் யாவாரம் தெரியாவிட்டாலும் உன் வாடையோடு ஊர் சுற்றப் போகும்,
உன் இளைய மகள்,
ஜெனோவா