நான் போட்ட எட்டு

4 பிப்ரவரி 2009

நாளை மறுநாள் காலேஜில் கடைசி வருஷ புராஜெக்டுக்கு இரண்டாவது ரிவ்யூ. புராஜெக்டின் பெயர் மட்டும் ஒரு முழம்: மங்கிப்போன ஆவணங்களைக் கணினியால் மீட்டெடுத்தல். டீமில் நானும் செவ்வந்தியும். சோதனைக்கு அவள் வீட்டுப் பழைய காகிதம் ஒன்றை ஸ்கேன் செய்திருக்கிறோம். அவள் அப்பா வீரையன் சாகுபடி செய்கிற மூணு மா, அதாவது ஒரு ஏக்கர் நிலத்துக்கு 1972-இல் தாத்தா பேரில் கொடுத்த குத்தகைப் பதிவு நகல். வெள்ளத்தில் நனைந்தது. சர்வே எண் 214 வரை தெரிகிறது. உட்பிரிவு எண் இருக்கவேண்டிய இடத்தில் கறைதான். எந்த ஃபில்டர் போட்டாலும் கறை தடிக்கிறதே தவிர எண் வரமாட்டேன் என்கிறது.

6 பிப்ரவரி

கைதட்டல்! பட்டனை அழுத்தினேன், இரண்டு விநாடி, பளிச்சென்று 214/8. சார் எழுந்து கிட்டே வந்து பார்த்தார்.

அந்த எட்டை நேற்று பெயின்ட்டில் மவுஸால் வரைந்தது நான். பட்டனை அழுத்தினால் அந்தப் படம் திறக்கும், அவ்வளவுதான். நடுவில் இரண்டு விநாடி காத்திருக்கச் சொல்லி ஒரு வரி எழுதினேன் — ஏதோ பெரிசாகக் கணக்குப் போடுகிற மாதிரி தெரியட்டும் என்று. கறைக்குள் லேசாகத் தெரிகிற வளைவு மூணாகவும் இருக்கலாம். எட்டு பார்க்க நன்றாக இருந்தது.

எல்லா டீமும் இப்படித்தானே செய்கிறது? செவ்வந்திக்குச் சொல்லவில்லை. அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். அப்பாவிடம் காட்ட கலர் பிரின்ட் எடுத்துக்கொண்டு போனாள்.

22 பிப்ரவரி

செவ்வந்தி வீட்டில் சாப்பாடு. அவள் அம்மா பூவம்மாள் விரால் குழம்பு வைத்திருந்தார். வீரையன் இலவச டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். மிராசுதார் மகன் நிலத்தை பிளாட் போடப் போகிறானாம். வீரையன் குத்தகைதாரரே இல்லை, கூலிக்கு வந்த ஆள் என்கிறானாம். அடுத்த மாதம் தாசில்தார் விசாரணை. மனுவோடு மூலக் காகிதத்தையும் எங்கள் பிரின்ட்டையும் வைத்துக் கொடுத்துவிட்டார்கள்.

"எங்களுக்கு நம்பரா தெரியும் பாப்பா? வாய்க்கா மேட்டு வயல்னாதான் தெரியும். கம்ப்யூட்டரே எடுத்துக் குடுத்துடுச்சு பாரு!"

மூணு தடவை வாய்வரைக்கும் வந்தது. இன்னொரு துண்டு மீன் வைத்தார்கள். தின்றேன்.

12 மார்ச்

செவ்வந்தி போனில் அழுதாள். இன்னைக்கு விசாரணையில பார்த்தா 214/8 குளமாம். "குளத்துக்குள்ளயா நாத்து நட்டே?"ன்னு எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டிருக்கான். அத்தனை பேரும் சிரிச்சிருக்காங்க. பிரின்ட் போலின்னா மூலமும் போலிதான்னு சாதிக்கிறானாம். வீரையன் மேல போலீஸ்ல புகார் குடுப்போம்னு வேற மிரட்டல். அடுத்த வாய்தா ஏப்ரல் 20. அன்னைக்கும் நிரூபிக்கலேன்னா நிலம் போயிடும்.

"நம்ம புரோகிராம்ல எங்க தப்பு வந்துச்சு ஹமீதா?"

நம்ம புரோகிராமாம்.

13 மார்ச்

சொல்லலை. ச்சீ.

16 மார்ச்

சொல்லிட்டேன். சைக்கிள் ஸ்டாண்டில் வைத்து, அவள் முகத்தைப் பார்க்காமலே. அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"உங்க அத்தா துபாய்ல இருக்காரு. உனக்கு மார்க்கு. எங்களுக்கு அந்தக் காயிதம் ஒண்ணுதான்டி இருந்துச்சு."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனாள். ஏறக்கூட இல்லை.

7 ஏப்ரல்

புராஜெக்டின் கடைசி வாய்மொழித் தேர்வு, வைவா தேதி ஒட்டியிருக்கிறார்கள். அதே ஏப்ரல் 20. மூணு வாரம் கழித்து இன்றைக்குத்தான் செவ்வந்தி பேசினாள்.

"வைவாவுக்கு நான் போறேன். ஃபில்டர் என்ன காட்டுதோ அதைக் காட்டிட்டு வரேன். நீ எங்கப்பாவோட போ. போய்ச் சொல்லு."

வைவாவுக்குப் போகாவிட்டால் அரியர், ஆறு மாசம். அத்தாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். எந்த ஆபீஸ், எத்தனை மணிக்கு என்று கேட்டார். பிறகு, "போம்மா, போய்ச் சொல்லிட்டு வா." கோபித்திருக்கலாம் அல்லவா?

20 ஏப்ரல்

தாசில்தார் முன்னால் லேப்டாப்பில் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ஸ்கேன் செய்தது, நான் கிறுக்கியது. யார் சொல்லி வரைந்தாய் என்று வக்கீல் மிரட்டினான். யாரும் சொல்லலை சார், மார்க்குக்காக, அவங்களுக்குத் தெரியவே தெரியாது என்றேன். பின்னாலிருந்து சிரிப்பு. காது சுட்டது. அன்றைக்கு வீரையனும் இதே இடத்தில்தானே நின்றிருப்பார்?

தாசில்தார் பிரின்ட்டைத் தள்ளிவிட்டார். மூலத்தை மட்டும் எடுத்துக்கொள்வதாகவும், வெள்ளிக்கிழமை வயலுக்கே வந்து அளந்து, பக்கத்து வயல்காரர்களை விசாரிப்பதாகவும் எழுதினார். புகார்ப் பேச்சு அதோடு நின்றது. நிலம் என்னாகும் என்று இன்னும் தெரியாது.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடும்முன் குமாஸ்தா கேட்டார்: "மனுதாரருக்கு நீங்க என்ன வேணும்?"

என்னவென்று சொல்வது? பேனாவைத் தூக்கிப் பிடித்தபடியே அவர் காத்திருந்தார்.

"எம்மவளோட சிநேகிதின்னு போடுங்க சார்" என்றார் வீரையன்.

அவரை நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை. அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.