கவரைப்பேட்டையில் நின்ற லாரி

ஜூன் 4, திங்கள்

வெயில். கத்திரி முடிந்துவிட்டதாகக் காலண்டர்தான் சொல்கிறது. காலையில் எஃப்.சி. தகுதிச் சான்றிதழுக்கு வந்த லாரிகள். ஒன்றில் ஹாண்ட் பிரேக்கே இல்லை, கல் வைத்து நிறுத்துகிறானாம். திருப்பி அனுப்பினேன்.

மதியம் கும்மிடிப்பூண்டி லாரி ஷெட். பிரேக் இன்ஸ்பெக்டர் பிரேக்கை மட்டும் பார்த்தால் போதாதாம், பிரசங்கமும் செய்ய வேண்டுமாம். மேலிடத்து உத்தரவு. விபத்துக்குப் பின் டிரைவர் என்ன செய்ய வேண்டும் என்ற விதிகளை இறுக்கிவிட்டார்கள். சொன்னேன்: வண்டியை நிறுத்து. அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. போலீசுக்குச் சொல். ஓடினால் லைசென்ஸ் போச்சு, ஜெயிலும் உண்டு.

சிரித்தார்கள். இந்த ரோட்டு வழக்கம் வேறு. இடித்தால் சாவியைப் பிடுங்கிக்கொண்டு வயல் வழியே ஓட்டம். போலீஸ் ஸ்டேஷனுக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் கூட்டத்திடம் அடிபடாமல் பிழைக்கலாம்.

"ஒரு தபா நின்னு பாருங்க சார். தோல உரிச்சி உப்பு வச்சிருவானுங்க." தவிட்டு லாரி ஓட்டும் முனிரத்தினம். என்னைவிட ரொம்ப மூத்தவர்.

"ஓடிட்டா அடிபட்டவன் கதி?"

முனிரத்தினம் பீடி பற்ற வைத்தார். பக்கத்திலிருந்து ஒருவன் அவரிடம்: "நைனா, நீ நின்னுக்கினு இரு. நாங்க மால வாங்கினு வர்றோம்."

புதுச் செருப்பு கடிக்கிறது.

ஜூன் 6, புதன்

ஸ்டேஷனிலிருந்து ஆள். விபத்து லாரியைப் பரிசோதிக்க வேண்டும். போனால் முனிரத்தினத்தின் லாரி. முன் கண்ணாடி தூள்.

நேற்றுக் காலை, கவரைப்பேட்டை வளைவு. பழவேற்காட்டு மீனவர் ஏழுமலை, சைக்கிளில் இறால் கூடையோடு. லாரி தட்டி, காலில் சக்கரம். மு. ஓடவில்லை. நிறுத்தி, கிளீனரும் அவருமாகத் தூக்கித் தவிட்டு மூட்டைகள் மேல் படுக்க வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் டீக்கடைக் கூட்டம்.

டீக்கடைக்காரரே ஸ்டேஷனில் சொல்கிறார், வெட்கமில்லாமல்: "டிரைவர்னா ஓடுவான் சார். இவன் இன்னாடான்னா ஆளையே தூக்கி வண்டில போட்டுக்கினான். எங்கனா வாய்க்கால்ல தள்ளிட்டுப் பூடுவான்னு நெனச்சோம்."

இழுத்துப் போட்டு அடித்தார்கள். மு.வுக்குக் கை முறிந்தது. போலீஸ் வரும்வரை யாரும் எதையும் தொடக் கூடாதென்று லாரியைச் சுற்றிக் காவல் வேறு. மேலே ஏழுமலை. ரத்தமெல்லாம் தவிட்டில்.

பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. அப்படியே எழுதிக் கொடுத்தேன். அதாவது வண்டி மேல் குற்றமில்லை. எஸ்.ஐ.க்குத் திருப்தி. அடிபட்டவரைக் கடத்தித் தப்ப முயன்றதாகக் கேஸ் எழுதியிருக்கிறார்.

"ஆஸ்பத்திரிக்குத்தான் கிளம்பினார்."

"யார் பாத்தது? கிளீனர் அவன் பக்கம்தான் சொல்லுவான். நீங்க பிரேக்க பாருங்க சார்."

ஏழுமலையைக் கேளுங்கள் என்றேன். மெட்ராஸ் பெரியாஸ்பத்திரியில் மயக்கமாம். பிழைத்தால் கேட்கலாமாம்.

டிப்ளமாவில் பிரேக் டிரம் சொல்லிக் கொடுத்தார்கள். கூட்டத்தைப் பற்றி ஒரு பாடமும் இல்லை.

ஜூன் 7, வியாழன்

புழுக்கம். தலைவலி. மறுபடி ஸ்டேஷன். எஸ்.ஐ. இல்லை. ரைட்டர்: "உங்களுக்கு அவன் சொந்தமா சார்?" இல்லை என்றேன். "அப்புறம் ஏன் பேஜாரு?"

சோப்பு, பிளேடு வாங்க மறந்தேன்.

ஜூன் 9, சனி

நச்சரித்து எஸ்.ஐ.யை மெட்ராசுக்குக் கிளப்பினேன். ஏழுமலைக்கு நினைவு திரும்பியிருக்கிறது. மனைவி தேசம்மா எங்களைக் கண்டதும், "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா சாமி ஒங்களுக்கு?"

ஏழுமலை மெதுவாக: "ஆஸ்பத்திரிக்குப் போறோம், கண்ண மூடாதன்னு சொல்லிக்கினே தூக்குனாரு. நானும் மூட்ட மேலேர்ந்து கத்துனேன், அவர வுடுங்கடான்னு. எவன் கேட்டான்."

எழுதி, கைநாட்டு வாங்கியாயிற்று. தேசம்மா விடவில்லை. "அந்தாள அடிச்சானுங்களே, அவனுங்க பேரயும் எழுதிக்கோ."

எஸ்.ஐ. பேனாவை மூடிவிட்டார்.

கடத்தல் கேஸ் போகும். இடித்த கேஸ் இருக்கும். இருக்க வேண்டியதுதான். ஏழுமலையின் போர்வைக்கடியில் ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. சீக்கிரம் கொண்டு வந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர்.

ஜூன் 10, ஞாயிறு

தூறல். பொன்னேரி ஆஸ்பத்திரி. மு. மாவுக்கட்டோடு. காவலுக்கு வந்த போலீஸ்காரர் ஸ்டூலில் தூக்கம்.

ஏழுமலை வாக்குமூலம் கொடுத்துவிட்டார், ஓடப் பார்த்ததாக இனிக் கேஸ் இல்லை என்றேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"காலு?"

"எடுத்துட்டாங்க. முட்டிக்குக் கீழே."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று எழுந்தேன்.

"நான் ஓடியிருந்தா, அந்தக் கும்பலே அவர அப்பவே தூக்கினு வந்திருக்கும் சார்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். நேரமாகவில்லை.