மானிய இஞ்சினை நானே விற்றேன்

அனுப்புநர்:
பி. சொரிமுத்து,
லேத் பட்டறைத் தொழிலாளி,
தாராவி, பம்பாய்–17.

பெறுநர்:
வட்டார வளர்ச்சி அதிகாரி அவர்கள்,
மஞ்சணத்திக்குளம் ஊராட்சி ஒன்றியம்,
திருநெல்வேலி மாவட்டம்.

பொருள்: மானியத்தில் பெற்ற டீசல் இஞ்சினை விற்றுவிட்டது – என்மீது நடவடிக்கை எடுக்கவும், இனி வரும் மானியங்களை என் அக்காள் பூமாரி பெயரில் வழங்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வேறு யார்மீதும் குறை சொல்ல இம்மனுவை எழுதவில்லை. குற்றம் முழுவதும் என்னுடையது.

1. தங்கள் ஒன்றியத்தைச் சேர்ந்த வடக்குப்பொத்தை கிராமத்தில் ஒன்றரை ஏக்கர் கிணற்றுப் பாசன நிலம் என் பெயரில் பட்டாவாக உள்ளது. நான் பதினொரு வருடமாகப் பம்பாயில் வேலை பார்க்கிறேன். கணவரை இழந்து எங்கள் வீட்டுக்கே திரும்பிவிட்ட அக்காள்தான் அந்த நிலத்தில் பாடுபடுகிறார். கிணற்றில் மாடு கட்டிக் கமலை இறைப்பதும் அவரே.

2. சென்ற ஆண்டு ஊரில் மற்றவர்கள் தயங்கியபோது புது ரக நெல்லை வாங்கி நட்டவரும் அவரே. விளைச்சல் நன்றாக இருந்ததால் பாதி விலை மானியத்தில் தண்ணீர் இறைக்கும் இஞ்சின் தர உத்தரவானது. பட்டாதாரர் நேரில் வரவேண்டும் என்றதால் என்னை வரவழைத்தார். 'நானே நேரடியாகச் சாகுபடி செய்கிறேன்' என்று அச்சிட்டிருந்த இடத்தில் கையெழுத்திட்டேன். மீதிப் பாதி விலைக்கு அக்காள் பசுவையும் கன்றையும் விற்றார்.

3. ஜனவரியில் நடந்த இஞ்சின் வழங்கும் விழாவில் எனக்கு மாலை போட்டார்கள். எத்தனை நாள் நாற்றை நட்டீர்கள் என்று தாங்கள் ஒலிபெருக்கியில் கேட்டது நினைவிருக்கலாம். நாற்பது நாள் என்றேன்; புது ரக நாற்றை இருபத்தைந்து நாளுக்குள் பறித்து நடவேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியாது. கூட்டம் சிரித்தது. பெண்கள் பக்கம் நின்ற அக்காள் சிரிக்கவில்லை. "மேடையில ஏறுனா எவனுக்கும் பதறத்தான செய்யும்" என்று எனக்காகப் பக்கத்தில் இருந்தவர்களிடம் சண்டைக்குப் போனாராம்.

4. அதன் பிறகு நான் செய்ததைச் சொல்லக் கூசுகிறது. தாராவியில் ஓர் அறை பிடிக்க எனக்கு முன்பணம் தேவைப்பட்டது. இஞ்சினில் ஒரு வால்வு சரியில்லை, டவுனில் பழுது பார்த்து அனுப்புகிறேன் என்று அக்காளிடம் சொன்னேன். பட்டறையில் வேலை செய்பவன் என்பதால் அவர் நம்பினார். வண்டியில் வைக்கோல் பரப்பி, அது குலுங்காமல் ஏற்றிவிட்டவரும் அவரே. அன்று மாலையே ஒரு வியாபாரியிடம் விற்றுவிட்டு ரயில் ஏறினேன்.

5. மார்ச் மாதம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் சொன்னபடியே கீழே தருகிறேன்:

"தம்பி, இஞ்சின் சரியாயிட்டா? வந்திரும்னு நம்பித்தான் கோடைக்கு நாத்துப் பாவிட்டேன். கமலையில இறைச்சு எட்டல. உனக்கு லீவு கிடைக்கலேன்னா கடைக்காரன் பேரை மட்டும் எழுது. நானே வண்டி கட்டிப் போயி எடுத்துக்கிடுதேன்."

இதற்கு நான் பதில் போடவில்லை. நாற்று கருகிவிட்டதாக ஊரிலிருந்து வந்தவர் சொன்னார். வியாபாரியைத் தேடி டவுனுக்குப் போனேன். இஞ்சின் கைமாறி எங்கோ போய்விட்டது. அங்கிருந்து வடக்குப்பொத்தை மூன்று மைல்தான். வீட்டுக்குப் போகத் துணிவில்லாமல் அப்படியே திரும்பிவிட்டேன்.

6. ஆகவே, மானியத் தொகையை என் சம்பளத்தில் பிடித்தம் செய்யவும், சட்டப்படி என்ன தண்டனையோ அதை வழங்கவும் கேட்டுக்கொள்கிறேன். நிலத்தை அக்காள் பெயருக்கு எழுதிக்கொடுத்த பத்திரத்தின் நகலை இணைத்துள்ளேன். என் பெயரால் அவருக்கு இன்னொரு இஞ்சின் மறுக்கப்படாமல் தாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இம்மனுவின் பிரதி ஒன்றை அக்காளுக்கும் தபாலில் சேர்த்துவிட்டேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. தங்கள் கிராம சேவகர் போய் வாசித்துக் காட்ட உத்தரவிட வேண்டும். அவர் மனம் நோகுமே என்று ஒரு வரியையும் விட்டுவிட வேண்டாம்.

இடம்: பம்பாய்
நாள்: 22–4–1968

தலைகுனிந்து,
பி. சொரிமுத்து