ஒன்பது குழிக்கு ஐம்பத்தோரு அடி

வல்லம்
பிப்ரவரி 3, செவ்வாய்

அன்பு மகள் பானுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் வளர்கிற பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் சௌக்கியம்தான். அப்பாவுக்குக் கண்ணில் புரை எடுத்து நாற்பது நாள் ஆகிவிட்டது, போன வியாழன் விழுப்புரம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன், சொட்டு மருந்தை நிறுத்திவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு கடைப் பலகை ஒன்று விடாமல் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார், முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள், அவருக்கு அதைப் பற்றி ஒன்றும் இல்லை. கொல்லையில் விதைத்த மல்லாட்டைக் கடலை முளைத்து நாலு இலை விட்டிருக்கிறது. உனக்குக் கேப்பை மாவு அரைத்து வைத்திருக்கிறேன், நாளைக்குத் திண்டிவனம் போய் இந்தக் கடிதத்தோடு சேர்த்து பார்சல் போடப் போகிறேன்.

பொங்கலன்று நீ வீடியோவில் என்னைப் பார்த்துவிட்டு அழுததும், கையைக் காட்டச் சொல்லி அதிலிருந்த காய்ப்பைப் பார்த்து மறுபடி அழுததும், கடைசியில் "அந்தக் களை எடுக்கிற வேலய விடும்மா, விடலன்னா நான் ஊருக்கே வரமாட்டேன்" என்று சொல்லிப் போனை வைத்ததும் இன்னும் மனதிலேயே நிற்கிறது. அன்றிலிருந்து அப்பாவிடம் மட்டும் பேசுகிறாய். அம்மா சாப்பிட்டாளா என்று அவரிடம் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய், நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் விளக்கலாம் என்றால் நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் நீ பத்து வார்த்தை பேசிவிடுவாய், அதனால்தான் பேனாவைப் பிடித்தேன், பத்தாவது வரை படித்ததற்கு இதற்காவது உதவட்டும். இரண்டு வருஷமாக உன்னிடம் ஒன்றை மறைத்து வைத்திருக்கிறேன். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் திட்டு. அந்த மைதானத்தில் நான் களை மட்டும் எடுக்கவில்லை பானு, கோல்ஃப் ஆடவும் செய்கிறேன்.

சிரிக்காதே. செஞ்சி ரோட்டோரம் மாந்தோப்பை வாங்கி மைதானம் ஆக்கினார்கள் என்று உனக்குத் தெரியும், விழுப்புரத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் காரில் வந்து ஆடுவார்கள். மொத்தம் ஒன்பது குழி, ஒவ்வொரு குழிக்கும் ஒரு கொடி, கொடியைச் சுற்றி வழவழவென்று வெட்டி வைத்திருக்கும் புல்லுக்குக் கிரீன் என்று பேர், அதில் ஒரு கோரை முளைத்தாலும் எங்களைத்தான் கேட்பார்கள். தூரத்திலிருந்து பந்தை அடித்துக்கொண்டே வந்து குழியில் போட வேண்டும், யார் குறைந்த அடியில் ஒன்பதையும் முடிக்கிறார்களோ அவர்கள் ஜெயித்தவர்கள், ஆட்டம் அவ்வளவுதான். திங்கட்கிழமை வெளியாட்களுக்கு விடுமுறை. எங்கள் சூப்பர்வைசர் தென்னரசு நல்ல பிள்ளை, காலை வேலை முடிந்ததும் விருப்பம் உள்ளவர்கள் ஆடிப் பாருங்கள் என்று யாரோ போட்டுவிட்டுப் போன பழைய மட்டைகளை எடுத்துக் கொடுத்தான். எல்லோரும் ரெண்டு வாரம் அடித்துச் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். எனக்கு மட்டும் விட முடியவில்லை. முதல் தடவை மட்டையின் நடுவில் பட்டுப் பந்து பறந்தபோது கையில் ஒன்றுமே தெரியவில்லை, அது பாட்டுக்கு நீல வானத்தில் போய்க்கொண்டே இருந்தது. என் வயதுக்கு என்னால் ஒரு பொருள் அவ்வளவு தூரம் போனதில்லை.

முதல் வருஷம் எழுபத்தோரு அடிக்குக் குறைந்து முடித்ததே இல்லை. மற்றவர்களைப் பார்த்து நானும் ஓங்கி ஓங்கி அடித்தேன், பந்து புதருக்குள் போகும், கோபத்தில் அங்கிருந்தே கொடியைப் பார்த்து அடிப்பேன், அது இன்னொரு புதருக்குள் போகும். பிறகு ஒரு நாள் ஆறாவது குழிக்குப் பக்கத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தபோது எண்ணிப் பார்க்கத் தோன்றியது. அந்தக் குழிக்கு முன்னால் ஒரு குளம் இருக்கிறது. அன்றைக்கு அதைத் தாண்டி அடிக்கப் பார்த்தவர்கள் பத்துப் பேர், எட்டுப் பேர் பந்து தண்ணீரில். இத்தனைக்கும் வலது பக்கம் வண்டி ஓட்டுகிற அளவுக்கு வழி கிடக்கிறது, ஓரமாக ஒரு சின்ன அடி அடித்துவிட்டு அடுத்த அடியில் போகலாம். ஒருத்தரும் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அடுத்த திங்கட்கிழமை நான் ஓரமாகப் போனேன். மரத்துக்கு நடுவில் மாட்டினால் கொடியை மறந்துவிட்டு முதலில் வெளியே எடுத்துப் போட்டேன். இன்னொரு பழக்கமும் தானாக வந்தது. மோசமாக அடித்தால் மட்டை பட்டு மண்ணோடு புல் பெயர்ந்து வந்துவிடும், அதைப் பார்த்துவிட்டுப் போக என் கை விடாது, எடுத்துப் பொருத்தி மிதித்துவிட்டுத்தான் நடப்பேன். அது முடிவதற்குள் கோபம் போய்விட்டிருக்கும். அடிக்கிற விதத்தில் ஒன்றும் மாறவில்லை பானு, என் பந்து இன்னும் அதே தூரம்தான் போகிறது, ஆனால் எழுபத்தொன்று அறுபத்திரண்டானது, போன ஐப்பசியில் ஐம்பத்து நாலு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரி இருபத்தாறாம் தேதி மைதானத்தில் ஒரு போட்டி வைத்தார்கள், ஆடுகிறவர் ஒருத்தர், வேலை செய்கிறவர் ஒருத்தர், இரண்டு பேருக்கும் ஒரே பந்து, மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். சீட்டுப் போட்டு எடுத்ததில் எனக்கு வந்தவர் தேவநாதன் சார், விழுப்புரத்தில் துணிக்கடை வைத்திருந்து இப்போது பிள்ளைகளிடம் விட்டுவிட்டவர். குரல் பெரிசு, கோபம் அதைவிடப் பெரிசு, மட்டையைத் தூக்கி எறிவார். சீட்டைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார், சேலைக்கு மேலே கம்பெனி சட்டை, காலில் கேன்வாஸ் ஷூ. தென்னரசைக் கூப்பிட்டு "இந்தம்மா களை எடுக்கிறவங்கதானப்பா, வேற யாரும் இல்லியா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் அவர் மெதுவாகச் சொன்னாலும் எல்லோருக்கும் கேட்கும். வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் இருந்தது. தென்னரசு நேரே என்னிடம் வந்து "வேணிக்கா, உங்க மட்டைய எடுத்துக்கினு வாங்க" என்று மட்டும் சொன்னான்.

முதல் குழியில் அவர் அடித்த பந்து நேரே பனைமரங்களுக்குள் போனது. அடுத்த அடி என்னுடையது. ரெண்டு மரத்துக்கு நடுவில் கொடி தெரிந்தது, நான் அதைப் பார்க்காமல் பக்கவாட்டில் தட்டி வெளியே எடுத்தேன். "இன்னாம்மா இது, கொடி அங்க இருக்குது, நீ எங்க அடிக்கிற" என்று கத்தினார். நாலாவது குழியில் நான் நல்ல இடத்தில் போட்டுக் கொடுத்த பந்தை அவர் ஓங்கி அடித்தார், பந்து பத்தடி உருண்டது, ஒரு முறம் அளவுக்குப் புல் பெயர்ந்து பறந்தது. மட்டையை வீசினார். நான் போய் அந்தப் புல்லை எடுத்து வந்து மண்டி போட்டுப் பொருத்தினேன். இரண்டு வருஷமாக நான் பார்த்துப் பார்த்து வளர்த்த புல், எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. எப்படிச் சொன்னேனோ தெரியவில்லை, "சார், ஒரு கால வச்சி மிதிங்க சார், அப்பதான் ஒட்டும்" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், புல்லைப் பார்த்தார், பிறகு வந்து மிதித்தார். இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் என்றேன், மிதித்தார். அப்புறம் மட்டையை அவரே போய் எடுத்துக்கொண்டு வந்தார்.

ஆறாவது குழி. நான் அடித்த பந்து குளத்துக்கு இந்தப் பக்கம் நின்றது, இனி அவர் முறை. பையிலிருந்து பெரிய மட்டையை உருவினார். இப்போது பேசாவிட்டால் அப்புறம் பேசிப் பிரயோசனம் இல்லை என்று, "சார், ரெண்டு வருசமா இந்தக் கரையில குந்திகினு பாத்துகினு இருக்கிறேன், தாண்டுறேன்னு அடிக்கிறவங்கள்ல பத்துக்கு எட்டு பேரு தண்ணியிலதான் போடறாங்க. நீங்க ஓரமா சின்னதா குடுங்க சார், மீதிய நான் பாத்துக்கிறேன்" என்றேன். "நான் எத்தினி தடவ போட்டிருக்கிறேன்?" என்று கேட்டார். எண்ணவில்லை சார் என்று பொய் சொன்னேன். சிரித்துவிட்டார், பானு. பெரிய மட்டையை உள்ளே வைத்துவிட்டுச் சின்னதை எடுத்து ஓரமாகத் தள்ளினார், நான் அங்கிருந்து கிரீனில் போட்டேன், அவர் குழிக்குப் பக்கத்தில் உருட்டினார், நான் உள்ளே தள்ளினேன். ஐந்து அடி. அந்தக் குழியில் அவர் ஏழுக்குக் குறைந்ததே இல்லையாம்.

கடைசிக் குழிக்கு வரும்போது யாரோ வந்து, நீங்கள் இதை ஐந்தில் முடித்தால் முதல் பரிசு என்று சொல்லிவிட்டார்கள். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் முதல் அடியை நன்றாகவே அடித்தார். கொடிக்கும் எங்களுக்கும் நடுவில் மணல் பள்ளம், இடது பக்கம் போட்டுவிட்டு அடுத்ததில் ஏற்றுவதுதான் நான் எப்போதும் செய்வது. ஆனால் கோப்பையை வாங்குகிற மாதிரி, அதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புகிற மாதிரி எல்லாம் கண்ணுக்குள் வந்துவிட்டது. நேரே கொடியைப் பார்த்து ஓங்கி அடித்தேன். போய் மணலில் விழுந்தது. எல்லாம் தெரிந்த நானே அப்படிச் செய்தேன். அவர் கத்தப்போகிறார் என்று தலையைக் குனிந்து நின்றேன். நிமிர்ந்து பார்த்தால் அவர் என் மட்டை பெயர்த்த புல்லைக் கையில் வைத்துக்கொண்டு "எந்தப் பக்கம்மா மேல வரும்?" என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார். இரண்டு பேருமாகப் பொருத்தி மிதித்தோம். மணலிலிருந்து அவர் ஒன்று, நான் ஒன்று, கிரீனில் மூன்று, ஆக ஏழில் முடித்தோம். மொத்தம் ஐம்பத்தொன்று, மூன்றாம் இடம், ஆளுக்கு ஒரு குடை கொடுத்தார்கள். அவர் ஐந்து வருஷமாக ஆடுகிறார், தனியாக ஐம்பத்தேழுக்குக் கீழே வந்ததே இல்லை. அங்கேயே நின்று வீட்டுக்குப் போன் போட்டு "அம்பத்தொண்ணு, அம்பத்தொண்ணு" என்று கத்தினார், அவருக்குச் சர்க்கரை வியாதி, அவர் வீட்டம்மா சர்க்கரைதான் அவ்வளவு இறங்கிவிட்டது என்று பயந்துபோய், வாயில் எதையாவது போடுங்கள், கார் அனுப்புகிறேன் என்று அழுதிருக்கிறார்கள். எங்களுக்கெல்லாம் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

மறுநாள் வந்து, இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் பையைத் தூக்கிக்கொண்டு என்கூட வருகிறாயா, எங்கே அடிப்பது என்று சொல்லு போதும் என்றார். யோசித்தேன். பிறகு "பை தூக்க வர்ல சார், ஆடறதுன்னா வர்றேன்" என்று சொல்லிவிட்டேன். முகம் ஒரு மாதிரி ஆனது, கார் ஏறிப் போய்விட்டார், சரி அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் நேற்றுத் திங்கட்கிழமை தென்னரசிடம் அனுமதி வாங்கிக்கொண்டு காலை எட்டு மணிக்கு வந்து நின்றார், என்னோடு ஆடினார். நான் ஐம்பத்து மூன்று. அவர் அறுபது, ஆனால் மட்டையை எறியவில்லை.

உன் கோபம் எனக்குப் புரிகிறது. வெயிலில் அம்மா குனிந்து கிடக்கிறாள் என்றால் எந்தப் பிள்ளைக்கும் பொறுக்காது, முதுகும் முன்பு போல இல்லை என்பது உண்மைதான். தென்னரசிடம் கேட்டுவிட்டேன், மாசியிலிருந்து என்னை நிழல்வலைக்குள் நாற்றுப் புல் வளர்க்கிற இடத்துக்கு மாற்றுகிறான். உனக்காக அவ்வளவு செய்திருக்கிறேன், அதற்கு மேல் கேட்காதே. இத்தனை வருஷம் வேலை எங்கே கிடைத்ததோ அங்கே போனேன், வந்தேன், எனக்கென்று ஒரு இடத்துக்குப் போக வேண்டும் என்று தோன்றியதில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே மறுநாள் காலையை நினைத்துக்கொண்டிருக்கிறேன். பிரசவத்துக்குச் சித்திரையில் அங்கே வருகிறேன், மூன்று மாதம் இருந்து உன்னையும் குழந்தையையும் பார்த்துக்கொள்கிறேன், பிறகு திரும்பி வந்துவிடுவேன்.

இரும்புச் சத்து மாத்திரையை டீயோடு போடாதே, நர்ஸாக இருக்கிற உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை மாப்பிள்ளை கோபிக்கும் ஒளிக்காமல் படித்துக் காட்டு. அங்கே யாராவது உன் அம்மா என்ன செய்கிறாள் என்று கேட்டால், களை எடுக்கிறாள் என்றும் சொல், கோல்ஃப் ஆடுகிறாள் என்றும் சொல், இரண்டையும் ஒரே குரலில் சொல். நீங்கள் மூன்று பேரும் நிறைந்த ஆயுசோடு நன்றாக இருக்க வேண்டும். திட்டுவதற்காக இருந்தாலும் சரி, இனி கூப்பிடும்போது அப்பாவிடம் பேசிவிட்டு வைத்துவிடாதே, என்னிடம் கொடுக்கச் சொல்.

உன் குரலுக்குக் காத்திருக்கும் அம்மா,
மு. வேணி