பெண் வீட்டாருக்குச் சொல் இல்லாத ஜனங்கள்

செங்கல்பட்டு

கர்த்தருக்குள் பிரியமான ரூத்துக்கு, உன் அப்பன் போனபின் உன்னைத் தோளில் போட்டு வளர்த்தவன் எழுதுவது. இங்கே நானும் என் தங்கை, அதாவது உன் அம்மா சாராளும், உயிரோடு இருக்கிறோம். அங்கே நீயும் உன் புருஷனும், எல்லாருக்கும் முன்னால் சேதி தெரிந்த உன் மாமனாரும் நலம் என்று நீ அனுப்பிய கல்யாணப் போட்டோவிலேயே தெரிந்துவிட்டது.

மாமல்லபுரத்தில் என் கைடு ராஜ்ஜியம் குறைவில்லாமல் நடக்கிறது. கடற்கரைக் கோயிலின் நிழலே என்னைக் கேட்டுத்தான் விழும் என்று போன வாரம் ஒரு ஜெர்மன் கும்பலிடம் அளந்துவிட்டு, உன் பல்கலைக்கழகத்திலிருந்து நீ போனில் சொன்ன பாடத்தையும் எடுத்துவிட்டேன். அதாவது ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னால் கருங்கடலுக்கு வடக்கே புல்வெளியில் மாடு மேய்த்த ஜனங்கள் வண்டி கட்டிப் பல திக்கிலும் பரவினார்கள், அவர்கள் பேச்சுதான் உங்கள் ஜெர்மனும் இந்தியும் இன்னும் நூறு மொழியுமாகக் கிளைத்தது, அதைக் கண்டுபிடித்ததே கூடுவாஞ்சேரி டியூஷனில் படித்த எங்கள் வீட்டுப் பெண்தான் என்று. ஒரு வெள்ளைக்கார அம்மா கண் கலங்கினாள். அப்புறம் நீ சொன்ன இன்னொன்று ஞாபகம் வந்து கும்பலை இளநீர்க் கடைக்கு ஓட்டிவிட்டேன். அந்த ஜனங்களின் பேச்சில் புருஷனின் அப்பாவுக்கு, அம்மாவுக்கு, தம்பிக்குச் சொல் இருந்ததைத் தேடி எடுத்துவிட்டார்களாம், பெண்டாட்டி வீட்டாருக்கு மட்டும் உறுதியாக ஒன்றும் கிடைக்கவில்லையாம், பெண் புருஷன் வீட்டோடு போய்விடுவாள் அதனால்தான் மாமா என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். அப்போதே உனக்கு ரிஜிஸ்டர் கல்யாணம் முடிந்திருந்தது எனக்குத் தெரியாது.

இப்போது டிசம்பரில் வருகிறோம், மாமா சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க வேண்டும், அதைப் பார்க்க அவர் வீட்டார் ஆசைப்படுகிறார்கள் என்று கேட்டிருக்கிறாய். வேடிக்கை காட்டக் கைடு வேண்டுமென்றால் நேராகவே சொல்லியிருக்கலாம். அந்தத் தட்டில் வைக்க நான் வருஷக்கணக்காகப் பத்திரப்படுத்திய அரக்குப் பட்டு, காஞ்சிபுரத்தையே கலங்கடித்து வாங்கிய பட்டு, இப்போது நம் சபையில் பிரசங்கப் பீடத்துக்கு விரிப்பாகிவிட்டது. டெய்லர் ஜோயல் கத்திரி வைக்கும்போது உன் அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்து, “வோணாம் அண்ணாத்த, கொயந்த வந்து கட்டிக்கும், இன்னா பண்ணிகினு கீற நீ” என்று அழுதாள். நான் வெட்டுடா என்றேன். வெட்டினான். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. ஞாயிறுதோறும் முதல் வரிசையில் உட்கார்ந்து, வசனத்தைக் கேட்காமல் அந்தச் சரிகையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அந்தச் சொல் ஏன் கிடைக்கவில்லை என்று உங்கள் பல்கலைக்கழகம் இனி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். உன்னைப் போல ஒருத்தி சொல்லாமல் போயிருப்பாள்.

டிசம்பரில் வா. வீடு உன் அம்மாவுடையது, கதவு திறந்திருக்கும். தட்டை உன் மாமனாரையே தூக்கச் சொல், அவருக்குத்தான் சொல் இருக்கிறது. குளிரில் காதை மூடிக்கொள், சளி உனக்கு ஆகாது. அம்மாவோடு பேச வேண்டுமென்றால் அவள் போனுக்கே போடு, என் போனுக்கு வேண்டாம். கர்த்தர் உன்னையும் உன் புருஷன் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
உன் அம்மாவோடு பிறந்த ஒருவன்,
ஏசுதாஸ்