உப்புத்தண்ணீர் ஊற்றிய கம்பி

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பின்பக்கக் குழாய் இன்றைக்கும் கடித்தது. ஈரக்கையோடு திறந்தேன், முழங்கை வரைக்கும் ஷாக் சுருக்கென்று ஏறியது. லைட்டு ஒரு நேரம் மங்கி அழுது வடிகிறது, ஒரு நேரம் கண்ணைக் குத்துகிறது. மிக்ஸி போன வாரமே புகைந்துவிட்டது.

மருமகள் சித்ரா சொல்கிறாள், "அத்தை, சேரனைக் கூப்பிடலாம். லைசென்சு வச்சிருக்காரு. டீச்சர் வூட்டுக்கு, பேங்க்காரர் வூட்டுக்கு எல்லாம் அவருதான்."

எந்தச் சேரன்? காலனி லூர்துமேரி மகன். அவன் என் சமையல்கட்டுக்குள் வருவதா?

எனக்கு மறதி கிடையாது. அந்த வருஷம் மல்லாட்டை பிடுங்க ஆள் கேட்டு எங்க வூட்டுக்காரர் காலனியில் போய் நின்றார். கூலி பத்தாது என்று லூர்துமேரி அத்தனை பொம்பளைகளையும் வேப்பமரத்தடியில் உட்கார வைத்தாள். ஒருத்தியும் எழுந்து வரவில்லை. மறுநாள் மழை பிடித்தது. கடலைக்காயெல்லாம் மண்ணுக்குள்ளேயே முளைத்துப்போச்சு. வெளுத்த முளையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அழுததை நான் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை.

"அந்த வூட்டு ஆளு வாணாம்" என்றேன்.

"கரெண்டுக்கு அதெல்லாம் தெரியாது அத்தை."

வாய். வாய் மட்டும்தான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

என் தம்பி மகன் செல்வகுமாருக்குப் போன் போட்டேன். திண்டிவனத்தில் லைட் செட்டு வைத்திருக்கிறான். ஆடி மாசம், ஊர் ஊராகக் கூழ் ஊற்றுகிறார்கள். அம்மன் கோயிலுக்கெல்லாம் சீரியல் பல்பு கட்டிக்கினு அலைகிறானாம். "அத்தைக்கு இல்லாத நேரமா? வியாழக்கிழமை வர்றேன்" என்றான்.

நம்ம ரத்தம்னா இப்படி.

ஆகஸ்ட் 7, வியாழன்

வந்தான். மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "நியூட்ரல் போயிருக்கு அத்தை, கரெண்டு திரும்பிப் போற ஒயரு. புது ஒயரு இழுக்க நாளாகும். செஞ்சி பக்கம் திருவிழா வேலை நிக்குது. இன்னிக்கே எரியற மாதிரி பண்ணித் தரட்டா?" என்றான்.

எரிஞ்சா போதும்டா என்றேன்.

மாட்டுக்கொட்டகை ஓரம் ஒரு இரும்புக் கம்பியை அடித்து இறக்கினான். அதிலிருந்து ஒயரை வீட்டுக்குள் கொண்டு போனான். லைட்டு பளிச்சென்று நின்றது. பேத்தி கலைப்பிரியா கை தட்டினாள்.

"திருவிழாவுல எல்லாம் இப்படித்தான் எடுப்போம். மிச்சத்தைப் பூமாதேவி பாத்துக்குவா. மண்ணு காஞ்சா மட்டும் லைட்டு மங்கும். தெனம் காலையில கொஞ்சம் உப்புத்தண்ணி ஊத்துங்க."

சித்ரா கேட்டாள், "மாடு கட்டற எடமாச்சே?"

"அக்கா, நீங்க படிச்ச பள்ளிக்கூடத்துல லைட் செட்டு பாடம் இருந்துச்சா?" என்றான். நானும் சேர்ந்து சிரித்தேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

கேப்பைக் களியும் கோழிக் குழம்பும் போட்டேன். அவன் போன் நம்பரை மீட்டர் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் கரியால் பெரிதாக எழுதி வைத்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

தண்ணீர் ஊற்றினேன். குழாய் இன்னும் லேசாகக் கடிக்கிறது. போனில் கேட்டதற்கு, "செருப்பு போட்டுக்கினு தொறங்க அத்தை" என்றான்.

ஆகஸ்ட் 16, சனி

சித்ராவுக்கும் எனக்கும் பேச்சு முற்றிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் சேரனைப் பார்த்தாளாம். கம்பியைப் பற்றிச் சொன்னாளாம். "இன்னைக்கே மெயினை ஆஃப் பண்ணிட்டு அதைப் புடுங்கி எறியுங்க, மாட்டை அந்தப் பக்கமே வுடாதீங்க"ன்னு சொன்னானாம்.

சொல்லாமல் இருப்பானா? தனக்கு வர வேண்டிய வேலை அடுத்தவனுக்குப் போச்சே என்ற எரிச்சல். நம்ம வூட்டு விஷயத்தைக் காலனி ஆளிடம் போய் வாயைத் திறந்திருக்கிறாள் இவள்.

"கம்பியில கை வச்சா நான் இந்த வூட்டுல சோறு தின்ன மாட்டேன்" என்றேன். அடங்கினாள். கலைப்பிரியாவை மட்டும் கொட்டகைப் பக்கம் போகாதே என்று அதட்டினாள். அந்தக் குட்டி எப்போது கேட்டது? செவலை மாட்டைத் தண்ணிக்கு ஓட்டுவது அதுதானே.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

செவலை போயிடுச்சி.

மழை பெய்திருந்தது. அப்படியும் ஊற்றினேன். மழைத்தண்ணியில உப்பு கரைஞ்சு போயிருக்குமேன்னு ஒரு கை கூடவே போட்டேன் — நான்தான் போட்டேன். மாடு உப்புக்கு நாக்கை நீட்டும்னு எனக்குத் தெரியாதா? எத்தனை மாடு வளத்தவ நான். தவிட்டுல உப்புப் போட்டாதானே அது தொட்டியில வாயே வைக்கும். தெரிஞ்சும் ஏன் தோணல?

கயிறு இளகியிருக்கிறது. எட்டிப்போய் மண்ணை நக்கிக்கினே கம்பி வரைக்கும் நக்கியிருக்குது. ஒரு சத்தம். அவ்வளவுதான். நாலு காலும் விறைச்சுக்கினு சாஞ்சுது.

"செவலை, செவலை"ன்னு கத்திக்கினு கலைப்பிரியா ஓடிச்சு. கொம்பைப் பிடிக்கக் கையை நீட்டிட்டுது. சித்ரா எங்கிருந்து வந்தாளோ — புள்ளையின் சடையைப் பிடிச்சு இழுத்தா பாரு, புள்ள சேத்துல மல்லாந்து விழுந்துது. பிறகு ஓடிப்போய் மெயினை இறக்கினாள்.

நான் குடத்தோடு நின்னுக்கினு இருந்தேன்.

கன்னுக்குட்டி இன்னும் மடியைத் தேடுது.

ஆகஸ்ட் 20, புதன்

செல்வகுமார் வரவில்லை. போனில் சொல்கிறான், "தண்ணி ஊத்தச் சொன்னேன் அத்தை, மாட்டை அவுத்து வுடச் சொன்னேனா?"

டேய். சாகற வரைக்கும் நெனப்பு வச்சிருப்பேன்டா.

சித்ரா பையை எடுத்துக்கொண்டாள், பிள்ளையோடு விழுப்புரத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிறாள். வாசலில் நின்று சொன்னாள், "சேரன் வந்து பாத்து, இனிமே பயமில்லைன்னு அவரு வாயால எனக்குச் சொல்லட்டும். அப்ப வர்றதைப் பத்திப் பேசலாம். உங்க வாயால வாணாம்."

மகன் ரஞ்சித் துபாயிலிருந்து பேசினான். "அவ சொல்றது சரிம்மா."

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மெயின் இறக்கியபடியே கிடக்கிறது. போனேன் காலனிக்கு. இத்தனை வயசில் இன்றைக்குத்தான் அந்தத் தெருவில் கால் வைத்தேன்.

லூர்துமேரி அப்போதுதான் மாதா கோயிலிலிருந்து வந்திருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

"வாங்க. வழி தெரிஞ்சுதா?"

பிளாஸ்டிக் சேர் போட்டாள். சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். "குடிப்பீங்களா, இல்ல எங்க வூட்டுத் தண்ணியும் கடிக்குமா?"

"அம்மா, வுடும்மா" என்றான் சேரன்.

குடித்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மல்லாட்டை முளைச்சதை ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்கீங்களாமே. எனக்கும் நெனப்பு இருக்குது. அந்த மழையில எங்க வூட்டு அடுப்பும்தான் எரியல."

சொம்பைக் கீழே வைத்தேன். மன்னித்தேன் என்று இல்லை. வேலை ஆக வேண்டும்.

சேரன் சொன்னான், "வர்றேங்க. ஆனா எல்லா ரூமுக்குள்ளயும் போவேன். சமையல்கட்டு, சாமி ரூமு எல்லாம். வாணாம்னா இப்பவே சொல்லிடுங்க. பாதி வூடு பாக்கற வேலை நான் செய்யறதில்ல."

சரி என்றேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

கம்பியைப் பிடுங்கிவிட்டான். மீட்டர் பெட்டிக்குள் கருகிப்போன ஒயரைக் காட்டினான். முதல் நாளே அதை மாற்றியிருந்தால் முடிந்திருக்குமாம். சாமி ரூமில் நுழையும்போது, சொல்லாமலே செருப்பைக் கழற்றினான்.

டீ போட்டேன். வீட்டு டம்ளரில்தான் கொடுத்தேன். "வாணாங்க, வண்டியில தண்ணி இருக்குது."

சித்ராவுக்குப் போன் போடச் சொன்னேன். எல்லாம் நல்லாருக்கு என்று ஒரு வார்த்தை சொல்வான், நாளைக்கே பிள்ளை வந்துவிடும் என்று பக்கத்தில் நின்றேன்.

"அக்கா, இப்ப வராதீங்க. சமையல்கட்டு ஒயரெல்லாம் எலி கடிச்சிருக்கு. ஷாக் அடிச்சா தானா ஆஃப் ஆவற சுவிட்சும் போடணும். முடிச்சிட்டு நானே சொல்றேன்."

எனக்கு வந்த கோபம்! ஒரு பொய் சொன்னால் என்னடா குறைந்துவிடும்?

அவன் போன பிறகு யோசித்துப் பார்த்தேன். செல்வகுமார் என்னிடம் "வாணாம்" என்று ஒரு தரம்கூடச் சொன்னதில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

வேலை முடிந்தது. சேரன் சித்ராவிடம் சொல்லிவிட்டான். "இனிமே பயமில்லைக்கா."

சித்ரா அழுதாள் போல. பிறகு என்னிடம் பேசினாள். கலைப்பிரியாவை விழுப்புரத்திலேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்றாம். கொட்டகை என்றாலே பிள்ளை தூக்கத்தில் உதறுகிறதாம்.

"பாக்கலாம் அத்தை" என்றாள். எனக்குத் தெரியும் அந்தப் பாக்கலாம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

செல்வகுமார் நம்பரைத் தேய்த்தேன். கரி முழுசும் போகவில்லை. அதன்மேலேயே சேரன் நம்பரை எழுதினேன். பேர் எழுதவில்லை. எனக்கு மறக்காது.

காலையில் ஈரக்கையோடு, வேண்டுமென்றே, செருப்பில்லாமல் குழாயைத் திறந்தேன். கடிக்கவில்லை. குடம் நிரம்பியது. பழக்கத்தில் கொட்டகை ஓரம் வரைக்கும் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

கம்பி இருந்த இடத்தில் சின்னக் குழி. கன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. தண்ணீரை அதன் தொட்டியில் ஊற்றிவிட்டு உள்ளே வந்தேன். ராத்திரி போட்ட லைட்டு எல்லா ரூமிலும் இன்னும் பளிச்சென்று எரிந்தது. ஒவ்வொன்றாக அணைத்தேன்.